நீர்நாய் பேசவே இல்லை

வாயசைவுக்கு வார்த்தை போடுவது என் பிழைப்பு. வெளிநாட்டுப் படங்கள் டிவியில் தமிழ் பேசுகின்றனவே, அந்தத் தமிழை எழுதுகிற ஆட்களில் நானும் ஒருவன். செங்கல்பட்டில் வீடு. காலையில் ரயிலேறிக் கோடம்பாக்கம் போய், இருட்டறையில் உட்கார்ந்து அடுத்தவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவேன். கவிதை எழுதுகிறவனுக்கு நல்ல தண்டனை. கவிதையில் எந்த எழுத்தை எங்கே வைத்தாலும் கேட்பாரில்லை. டப்பிங்கில் நடிகனின் உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ விழுந்தே தீரவேண்டும்.

வரைந்த படம் அப்படியில்லை. ஜப்பான்காரர்கள் வரைகிற வாய்க்கு மூன்றே நிலை: மூடினது, அரைவாசி, திறந்தது. அந்த ஓட்டைக்குள் எதை ஊற்றினாலும் நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் பல வருஷம் முன்பு ஒரு குறும்பு செய்தேன்.

மழையைத் தபால் மாதிரி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கிழ நீர்நாய், அதன் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைகிற ஒரு சிறுமி. அவ்வளவுதான் படம். கடைசியில் அவள், "இனிமே வரமாட்டியா?" என்று கேட்பாள். ஜப்பானிய மொழியில் அந்த இடத்தில் பதில் கிடையாது. நீர்நாய் மீன் தின்றுகொண்டிருக்கும். ஆனால் வாய் ஆடுகிறது. ஆடுகிற வாயைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. மற்ற எல்லாரும் டிவித் தமிழ் பேச, அதற்கு மட்டும் எங்கள் தெருப் பேச்சைக் கொடுத்தேன்: "வூட்டுக்குப் போ கண்ணு. மழை வந்துகினு கீது."

விடுமுறைக்கு விடுமுறை படம் ஓடியது. பார்த்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்த வரி டீ-ஷர்ட்டில் வந்தது, ஆட்டோவின் முதுகில் வந்தது. ஒருவர் முன்கையில் பச்சையே குத்தியிருந்ததைக் கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் பார்த்தேன். நான் வெளியிட்ட இரண்டு கவிதைத் தொகுப்புகளிலிருந்து ஒரு சொல்கூட இதுவரை யார் தோலிலும் ஏறியதில்லை.

இப்போது ஜப்பானில் அதே கதையை மனிதர்களை வைத்து எடுத்துவிட்டார்கள். தமிழ் வசனம் மறுபடி என்னிடமே வந்தது. நீர்நாயாக ஒரு வயதான நடிகர். மழைக்கோட்டு, ஒட்டு மீசை. கடைசிக் காட்சியில் சிறுமி கேட்டதும் அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறார். பிறகு திரும்பி நடக்கிறார். மூடின வாய்க்கு வசனம் போட முடியாது. ஆனால் முதுகு இருக்கிறதே. டப்பிங்காரனுக்கு முதுகு என்றால் திருவிழா. உதடு தெரியாத இடத்தில் எதையும் பேசவைக்கலாம்.

ஸ்டூடியோ பொறுப்பாளர் அம்மாவும் அதையே சொன்னார். "முதுகுல வெச்சிடலாம் சார். ஜப்பான்லேர்ந்து யாரும் வந்து கேக்கப்போறதில்ல. வேணுமா வேணாமான்னு திங்கக்கிழமை சொல்லிடுங்க."

வேணும் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் எழுதினதில் ஊர் வாயில் நிற்பது அந்த ஒன்றுதான். அது இல்லாமல் புதுப்படம் வந்தால், நாளைக்குப் பிறக்கிற குழந்தைக்கு நீர்நாய் ஊமை. நான் எழுதினதற்கு அடையாளமே இருக்காது. இப்படியெல்லாம் யோசித்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை மாமல்லபுரம் கடற்கரையில் அந்தப் பழைய படத்தின் ரசிகர்கள் கூடுகிறார்கள் என்று போனில் பார்த்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துப் போய், யாரோ ஒரு சுற்றுலாக்காரன் மாதிரி சுண்டல் பொட்டலத்தோடு ஓரமாக நின்றேன்.

பத்துப் பதினைந்து பேர். நடுவில் படூரிலிருந்து வந்த ஒரு பெண், கம்பளித் துணியில் தைத்த நீர்நாய் வேஷத்தில் வெந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற ஒல்லி ஆள். நைட் ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை. குடும்பத்தோடு வந்த ஒருவர் நீர்நாயோடு செல்பி எடுத்துக்கொண்டு, "கரடி நல்லா கீதும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

பேச்சு முழுக்கப் புதுப்படத்தின் ஜப்பானிய டிரெய்லரைப் பற்றி.

"மீசையா அது? தென்னந்துடப்பத்த ஒட்டி வெச்சிகிறானுங்க," என்றார் ஒல்லி.

"மழையப் பாத்தியா?" என்றாள் அவள்.

"மழை எங்க கீது? லாரித் தண்ணிய பைப்புல அடிக்கிறான். எங்க ஏரியாவுல வாரத்துக்கு ரெண்டு வாட்டி பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"அதக்கூட விடு மச்சான். கடைசில வாய மூடிக்கிறாரு பாரு. அந்த டயலாக் இல்லன்னா அப்புறம் எதுக்கு அந்தப் படம்? ஒரிஜினல்ல இருக்கிறத எடுக்கிறதுக்கு இவங்க யாரு?"

சுண்டல் எனக்குப் புரையேறியது. அவளே தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். குடித்த நன்றியில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஒரிஜினல்ல அந்த டயலாக் இல்லம்மா. அது மீன் மெல்லுது."

கூட்டம் என்னை மேலும் கீழும் பார்த்தது. "அங்கிள்," என்றாள் மிகுந்த பொறுமையோடு, "நீங்க மொதல்ல ஒரிஜினல் பாருங்க."

ஜப்பானிய மொழியிலேயே அவள் போனில் வைத்திருந்தாள். வெயிலில் திரை தெரியவில்லை. வேஷத்தின் மேல்துணியைக் கழற்றி மூன்று தலைக்கும் மேல் போட்டாள். நீர்நாயின் வயிற்றுக்குள் நாங்கள் மூவர், வேர்வை நாற்றம், கடல் இரைச்சல். சிறுமி கேட்கிறாள். நீர்நாய் வாய் ஆடுகிறது. கீழே எழுத்தும் வரவில்லை, குரலும் வரவில்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம்.

"சப்டைட்டில் போட்டவன் தூங்கிட்டான்," என்றார் ஒல்லி.

"சத்தம்?"

"சவுண்டு இன்ஜினியரும் தூங்கிட்டான்."

அவள் சிரிக்கவில்லை. நாலாவது தடவை ஓட்டினாள். "எங்கப்பா கம்பெனி பஸ்ஸு வர லேட்டாகும். நான் ஸ்கூல் வுட்டு வந்து வாசல்ல நின்னுக்கினு அந்த டயலாக்கத்தான் சொல்லிக்குவேன். சும்மாவா எழுதியிருப்பாங்க அத?"

சும்மாதான் எழுதியிருந்தேன்.

"இங்க பாருங்க," என்று திரையைத் தொட்டு நிறுத்தினாள். "மெல்லுது. ஆனா முழுங்கவே மாட்டேங்குது. முழுங்கினா பேசணும்ல. பேசினா அழுதுடும்."

அந்தக் காட்சியை நான் எண்ணி எண்ணிப் பார்த்தவன். எத்தனை தடவை திறக்கிறது, எத்தனை தடவை மூடுகிறது என்று மட்டும். முழுங்கவில்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை.

"அப்ப தமிழ்ல அத எழுதினது யாரு?" என்றார் ஒல்லி.

"யாரோ அவசரக்காரன்," என்றேன்.

துணியை விலக்கியபோது காற்று முகத்தில் அறைந்தது. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை புதுப்பட நடிகரின் மூடின உதட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரும் எதையோ முழுங்காமல்தான் வைத்திருந்தார். திங்கட்கிழமை பொறுப்பாளர் அம்மாவிடம், "முதுகு காலியாவே இருக்கட்டும்," என்றேன். "உடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார்.

கடற்கரையில் ஒல்லி என் நம்பரையும் வாங்கி அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தார். படம் தியேட்டருக்கு வந்த அன்று கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், போன் சூடாகிவிட்டது. பெயர் தெரியாத வசனகர்த்தாவின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள். ஒல்லி விட்ட வாய்ஸ் மெசேஜில் பாதி, அச்சில் ஏறாது. சும்மா இருந்தால் சந்தேகம் வருமே என்று நானும் ஒரு வசவு எழுதிப் போட்டேன்: 'முதுகைப் பார்த்தும் வாயடைத்துப் போனவன், பேனாவைப் பல் குத்தத்தான் வைத்திருப்பான்.' கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. எந்தக் கவிதைக்கும் எனக்கு அப்படிக் குவிந்ததில்லை.

அவள் மட்டும் அன்று முழுக்க எதுவும் போடவில்லை. மறுநாள் மத்தியானம் எழுதினாள்: 'நேத்து கடைசி சீன்ல கத்தினீங்க எல்லாரும், ஒண்ணும் பாக்க முடியல. இன்னொரு வாட்டி போறேன். யாராச்சும் வர்றீங்களா?'

நான் மட்டும் 'வரேன்' என்று போட்டேன். குழு மொத்தமும் என்னைத் துரோகி என்றது.