தேய்த்து அழித்த எண்கள்

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். பினாங்கில் எங்கள் தேவாலயத்து ஆர்கனை, காற்றடைத்து வாசிக்கும் அந்தப் பெரிய குழாய் வாத்தியத்தை, பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். குழாய்களைத் துடைப்பது எனக்கும் கூடக் கூலிக்கு வந்த காதருக்கும் வேலை. குத்துவிளக்குபோல மின்னட்டுமே என்று நான்தான் புளி போட்டுத் தேய்த்தேன். எந்தக் குழாய் எந்தத் துளைக்கு என்று சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த எண்கள் எல்லாம் போய்விட்டன.

"யார்லா தேய்ச்சது?" மேஸ்திரி கத்தினார்.

புளி வாசம் வீசிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "காதர்" என்றேன்.

காதர் என்னையே பார்த்தான். முந்தின வாரம்தான் எனக்குக் குழந்தை பிறந்திருந்தது. அது அவனுக்குத் தெரியும்.

"ஆமாண்ணே, நான்தான்" என்றான். அன்றே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மேஸ்திரி ஒவ்வொரு குழாயாக ஊதி, சுரம் பார்த்து அடுக்கினார். நான் எடுத்துக்கொடுத்தேன். உண்மை வாய்வரை வந்தது; அடுத்த குழாயை எடுத்து நீட்டினேன்.

இன்றும் பூசையில் ஆர்கன் ஒலித்தால் என் தலை குனிந்துவிடுகிறது. பக்தி என்று நினைக்கிறார்கள்.