ஒரு நூல் அளவு

எழுபதுகளில், ராணுவக் குடியிருப்புப் பகுதியான திருமுல்கேரியின் சர்ச் ஹாலில், கிறிஸ்துமஸ் விற்பனைக்காகப் பெண்கள் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைத்தோம். துணி வெட்ட உதவிக்கு வந்தவர், விமானப் பாகங்கள் செய்யும் ஏதோ ராணுவத் தொழிற்சாலைக்காரர். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் எஃகு ஸ்கேல். உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் மேஜையைச் சுற்றுவார். விமானச் சத்தம் கேட்டால் மட்டும் கத்திரியைத் தூக்கிப் பிடித்தபடி, அது அடங்கும்வரை அசையாமல் நிற்பார்.

நான் அவசரக்காரி. வெட்டிய சதுரத்தையே அளவாக வைத்து அடுத்ததை வெட்டிக்கொண்டே போனேன். அவர் நாற்பதாவதை எடுத்து என் முதல் துண்டின் மேல் வைத்தார். அரை இஞ்ச் வெளியே நீட்டியது.

"எப்பவும் முதல் துண்டைத்தான் அளவுக்கு வைக்கணும்மா. இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் மயிரிழை ஏறும்."

"நக்கோ சார், வேண்டாம், மறுபடியுமா? துணிதானே! ஒரு நூல் கூடினா யார் செத்துடப் போறா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு விமானம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் முழுக்கத் தேய்ந்த பிறகுதான் திறந்தார்.

"போயிடுச்சு. நீங்க வெட்டுங்க."

எல்லாவற்றையும் மறுபடி வெட்டினேன். அந்தத் தொழிற்சாலையில் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றும் கத்திரி பிடித்தால் என் காது வானத்தில்தான் இருக்கிறது.