அத்தான் உடைத்த மாத்திரை

என் அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடங்களில் அத்தானின் கால் அதை விட்டு நகர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. பழக வந்தவர்கள் அவருக்கு ‘ரெண்டாம் பிரேக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது, உள்ளுக்குள் பெருமைதான். என்னையும் அவர்தான் பழக்கினார். நாற்பது நாள் ஆன பிறகும், கார் என் சொல்லைக் கேட்கிறதா அவர் காலின் சொல்லைக் கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஊரையே பழக்கியவர் அக்காவை மட்டும் பழக்கவில்லை. நான் இருக்கும்போது உனக்கு எதற்கு என்பார். இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அவருடைய இடுப்பெலும்பில் கட்டி என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் குலுக்கலை அவரால் தாங்க முடியாது. இந்த வலி மாத்திரைகள் சாப்பிடுகிறவர் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல்தான், அவர் பக்கத்தில் இருக்க, அக்கா பயிற்சிக் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

நான் அதே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். அவருக்கு மார்ஃபின் மாத்திரை இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள். நானே உட்கார வைத்துச் சொன்னேன். பெரிய மாத்திரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு விடும். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஏழுக்கு ஒன்று. அப்படியே முழுசாக விழுங்க வேண்டும். கடிக்கவோ உடைக்கவோ கூடாது. சின்ன மாத்திரை அரை மணியில் கேட்கும், நாலு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நடுவில் வலி குத்தினால் மட்டும் அது. அத்தான் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். அது தெரிந்தும் எழுந்து போனேனே என்று என் மேல் எனக்கே இன்னும் கோபம் உண்டு.

அவர் தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டார். மாத்திரை பழகிவிடுமோ என்று பயந்து, பெரியதை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தொட்டார். மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அதனால் அந்த அளவைத் தாங்க உடம்பு பழகவே இல்லை.

அக்காவின் லைசென்ஸ் டெஸ்டுக்கு நாலு நாள் இருந்தது. பக்கத்தில் உட்காருவது ஓட்டுவதாகாது என்று வழக்கம்போல வாதாடி, அன்று காலை அவளைப் பழக்கக் கிளம்பினார். வலியும் அடங்க வேண்டும், தூக்கமும் வரக்கூடாது. அவர் தொழிலுக்கே உரிய யோசனை ஒன்று தோன்றியது. மேட்டில் கார் நின்றால் அரை கிளட்ச் பிடிப்பதில்லையா, அதுபோலப் பெரிய மாத்திரையில் பாதி போட்டால் பாதி வேகம்தானே என்று கத்தியால் உடைத்து விழுங்கினார். கால் மணி நேரம் பொறுத்தார். வலி அசையவில்லை. மீதிப் பாதியையும் போட்டார், கூடவே சின்னது ஒன்று. போகிற வழியில் இதையெல்லாம் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார்.

ஒரு கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தில் அக்கா ரிவர்ஸ் எடுத்தபோது கார் ஒரு கம்பத்தில் இடித்தது. பிரேக்கும் விழவில்லை, திட்டும் விழவில்லை. திரும்பிப் பார்த்தாள். தாடை நெஞ்சில் சரிந்திருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று வந்தது.

எனக்கு போன் வந்தது. விஷயம் கேட்டதும் மருந்தக போனில் 108-ஐக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிடம்.

“அக்கா, நீயே ஓட்டிட்டு வா. அவரைத் தூங்க மட்டும் விடாத. போனை வைக்காம பேசிக்கிட்டே வா.”

அவர் கால் துணையில்லாமல் அவள் அதுவரை ஒரு தெருவைக்கூடத் தாண்டியதில்லை. போனில் ஹாரன் சத்தம், கியர் உறுமல், நடுவில் அக்காவின் குரல்.

“கண்ணத் திறங்க. இத்தன வருஷம் என்னைப் பக்கத்துல உட்கார வச்சீங்கல்ல, இன்னிக்கி நீங்க உட்காருங்க. தூங்கினா சும்மா விடமாட்டேன். சிக்னல்ல என்ன கலர், சொல்லுங்க.”

அவள் உலுக்கியதில் எப்போதாவது ஒரு “ம்” வந்தது. அந்த ஒவ்வொரு “ம்”முக்கும் நான் உயிர் பிழைத்தேன்.

ஒரு சக்கரம் நடைபாதையில் ஏறி நிற்க, அவசர சிகிச்சை வாசலில் காரைக் கொண்டுவந்து போட்டாள். மார்ஃபினை முறிக்கும் ஊசி போட்ட இரண்டு நிமிடத்தில் அத்தான் கண் திறந்தார். கூடவே வலியும் திறந்துகொண்டது. அவர் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நானும் அக்காவும் சிரித்தோம், அழுதோம். ஊசியின் பலன் ஓய்ந்ததும் மார்ஃபினின் வேகம் மறுபடி தலைதூக்கலாம் என்று ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார்கள்.

மறுநாள் போய் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை தலையாட்ட விடவில்லை.

“பன்னிரண்டு மணி நேரத்து மருந்த மெதுவா விடுறதுக்குன்னே செஞ்ச மாத்திரை அத்தான். உடைச்சா அந்த நிதானம் போயிடும். அத்தனையும் ஒண்ணா இறங்கிடும்.”

“வலிச்சாத்தான் மாத்திரைன்னு நெனச்சேன். வலிக்காம இருக்கவும் மாத்திரை உண்டா?” என்றார். இத்தனை நாள் அந்த மனிதர் எவ்வளவு வலியோடு இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்ட வந்ததை மறந்துவிட்டேன்.

டாக்டர் அளவைக் குறைத்துப் புதிதாக ஆரம்பித்தார். ஏழுக்கு ஏழு, முழு மாத்திரை. சின்ன மாத்திரை எப்போதெல்லாம் தேவைப்பட்டது என்று அக்கா காலண்டரில் குறித்தாள். அதைப் பார்த்து டாக்டர் பெரியதன் அளவை மெல்ல ஏற்றினார். ஒரு மாதத்தில் சின்னது ஒரு நாளைக்கு ஒன்று என்றாகிவிட்டது. அத்தான் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். அந்த வாரம் அக்கா, தள்ளிப்போட்டிருந்த டெஸ்டில் தேறினாள்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் சிகிச்சைக்குக் கிளம்பினோம். அத்தான் பின் சீட்டில் என் பக்கத்தில். பாதி வழியில் அவர் சத்தமே காணோம். கண்ணாடியில் பார்த்த அக்கா பதறிப்போய்க் காரை ஓரங்கட்டி, பின்னால் திரும்பி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கேன். வலியில்ல, அதான் தூக்கம் வருது. நீ ஓட்டு.”