போனுக்குக் குளிர்த்தி

பனிச்சங்கேணிப் புஸ்பத்துக்கு வாய் நீளம் என்பார்கள். பொய். நீளமெல்லாம் சாதாரணம்தான், மூடுகிற வழக்கம்தான் இல்லை. சுனாமி அவளுடைய முதல் வீட்டைக் கொண்டுபோனது. நிவாரணத்தில் கட்டிக் கொடுத்த இரண்டாவது வீடு, சுவரில் பூசிய சுண்ணாம்பு காய்வதற்குள் சண்டையில் போனது. மூன்றாவது வீட்டின் திறப்பைக் கையில் கொடுத்துப் படமெடுக்க வந்த பெரியவரிடம், "இதுக்கு வாரண்டி எத்தின வருசம் ஐயா?" என்று கேட்டாள். படத்தில் அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை.

தெருவோரம் எருமைத் தயிர் விற்றுப் பிழைத்தாள். ஒரே மகன் ரதீஸுக்கு மேசன் வேலை, வீடு கட்டுவான். சுனாமி வீடுகள் கட்டுகிற வேலை நிறைய இருக்கிறதென்று முல்லைத்தீவுப் பக்கம் போனவன், சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டான். பிறகு அங்கே நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். யாருக்கு என்ன முடிந்தது என்று அதில் சொல்லவில்லை.

அந்த நாட்களில் வவுனியா முகாமில் மகளைத் தேடிப் போன எங்களூர் சாமித்தம்பி, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ரதீஸைக் கண்டிருக்கிறார். காவலுக்கு நின்ற ஆமிக்காரர்கள் பேச விடவில்லை. புஸ்பத்தின் போன் நம்பரைக் கத்திச் சொன்னார், அவன் கையில் எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு அவரை அந்தப் பக்கம் அண்டவே விடவில்லை. ஆக, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் இருந்தது அந்த ஒரு நம்பர்தான்.

அந்த நம்பர் குடியிருந்த போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது வந்த சிடிஎம்ஏ போன், கம்பியில்லாமல் மேசையில் வைக்கிற வகை, ஏரியல் வேறு. சிம் கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். புஸ்பத்தின் அடையாள அட்டை கடலோடு போய்விட்டதால், விற்ற காத்தான்குடிக் கடைக்காரர் ஹமீட் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம்) தன் பெயரிலேயே பதிந்து கொடுத்தார். சாமித்தம்பி வந்து சொன்ன நாளிலிருந்து அவள் அந்தப் பெட்டியைக் கைப்பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

பெட்டிக்கோ காய்ச்சல். கொஞ்ச நேரத்தில் தோசைக்கல்லாகச் சுட்டு, தானாக அணைந்துவிடும். காத்தான்குடிக்குக் கொண்டு போனாள். ஹமீட் காக்கா அதை அணைத்து மறுபடி போட்டுக் காட்டி, "இப்ப சரி புள்ள" என்று அனுப்பிவிட்டார். வியாபாரி செய்கிற வைத்தியம் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி வந்தது. மதுரையை எரித்த சூடு இன்னும் ஆறவில்லையென்று வருசா வருசம் வைகாசியில் நாங்கள் மஞ்சள் தீர்த்தம் ஊற்றி அம்மனைக் குளிரப் பண்ணுவோம். அம்மை, கொப்புளம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்தத் தீர்த்தம்தான் மருந்து. புஸ்பம் யோசித்தாள். ஊரையே எரித்தவளின் சூடு ஆறுகிறதென்றால் இந்தப் பெட்டியின் சூடு எம்மாத்திரம்? சனத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். எல்லோரும் உள்ளங்கையை நீட்ட, இவள் போனை நீட்டினாள். பூசாரியார் அரைக்கண் மூடியிருந்தார். தாராளமாக ஊற்றினார்.

போன் குளிர்ந்தது. குளிர்ந்தது குளிர்ந்ததுதான், திரும்ப எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன்னால் கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரத்தில் போய் நின்றாள். ஹமீட் காக்கா பின்மூடியைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் தண்ணீரும் ஒரு வேப்பிலையும் இருந்தன.

"என்ன புள்ள இது? தண்ணி பட்டா கம்பனி மாத்தித் தராதே!"

"தண்ணியில்ல காக்கா, தீர்த்தம்."

"கொழும்பில இருக்கிற கம்பனிக்காரனுக்கு உங்கட அம்மனத் தெரியுமா?"

"அம்மனுக்கு அவனத் தெரியும். சுட்ட போன நான் கொண்டு வந்து காட்டக்குள்ள நீங்க என்ன செஞ்சீங்க? உங்கட வைத்தியம் சரி வந்திருந்தா நான் ஏன் கோயிலுக்குப் போறன்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். காக்கா பற்றரியைப் பார்த்தார். அது உண்மையாகவே பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி வீங்கியிருந்தது. மஞ்சளைத் துடைத்து, வேப்பிலையை எடுத்து வைத்துவிட்டு, 'பற்றரி சூடாகிப் பழுது' என்று எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். அது பொய்யில்லை. முழு உண்மை என்று நானும் சொல்லமாட்டேன்.

புதுப் போன் வந்தது. அதில் புது நம்பர் இருந்தது.

"நல்ல நம்பர் புள்ள, மனசில நிக்கும்" என்று நீட்டினார் காக்கா.

புஸ்பம் கையை நீட்டவில்லை. "என்ட மகன்ட கையில பழைய நம்பர் கிடக்கு. எனக்கு அந்த நம்பர்தான் வேணும்" என்றாள். முதல் தடவையாகச் சத்தம் போடாமல் பேசினாள். ரதீஸின் கதையைக் காக்கா அன்றுதான் கேட்டார்.

பழைய நம்பரைப் புதுப் போனில் ஏற்றலாம். ஆனால் பதிவில் சொந்தக்காரரான காக்காவே புளியந்தீவிலுள்ள கம்பனி அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முகாமிலிருந்து வருகிற அழைப்பு ஹமீட் காக்காவின் பெயரில் விழுந்தால் யார் யார் வந்து என்னென்ன கேட்பார்கள் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் பயந்தார். பயந்ததை நான் குறையாகச் சொல்லமாட்டேன், ஏனென்றால் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "கடையப் பூட்டிட்டு வாறன், ஏறு புள்ள ஓட்டோவில" என்றார். அவர் கையெழுத்துப் போட்டபோது புஸ்பம் அழுதாள். அழுதுகொண்டே அலுவலகத்துப் பிள்ளையை, "கெதியாச் செய்யன் புள்ள" என்று விரட்டவும் செய்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் போனுக்கு யாரும் அழைப்பு எடுக்கக்கூடாது என்று ஊருக்கே சட்டம். வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்த ஹமீட் காக்காவுக்கே, "வையுங்க காக்கா, மகன் எடுக்கிற நேரம்!" என்று ஏச்சு விழுந்தது.

ஒருநாள் தயிர்ச் சட்டிகளுக்கு நடுவில் போன் அடித்தது. யாரோ முகாமில் ஒளித்து வைத்திருந்த போனிலிருந்து ரதீஸ்.

"அம்மா? நீங்களா? உசிரோடயா இருக்கீங்க?"

"நான் ஏன் மனெ சாகணும்?"

"எத்தின தரம் எடுத்தன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை எண்டு ஒரு பொம்புள சொன்னாள். இஞ்ச எல்லாற்ற வீட்டிலயும் செத்திருக்கு. நீங்களும் போயிட்டீங்க எண்டு நினைச்சன். மொட்டை அடிச்சி, காரியமும் செஞ்சிட்டன்மா. இண்டைக்குச் சும்மா ஒருக்கா அமத்திப் பாத்தன்."

புஸ்பத்தின் வாய் மூடியிருந்ததை அன்று நாங்கள் கண்டோம். எங்கள் பக்கத்தில் செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைத்தான் படைப்போம், மீனோ இறைச்சியோ பார்ப்பதில்லை. வாய் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எனக்கு என்ன படைச்ச?"

"காம்ப்பில தந்த பிஸ்கட்டும் தேத்தண்ணியும்."

"பிஸ்கட்டா? பெத்தவளுக்கு ஒரு றால் கூட இல்லாம பிஸ்கட்டாடா படைச்ச?" என்று கத்தினாள். அதோடு அழுகையும் வந்தது. "வா மனெ. இஞ்ச வந்து படை. உசிரோட இருந்து திங்கிறன்."

தயிர் வாங்க நின்றவர்கள் சட்டிகளைக் கீழே வைத்தார்கள். அவள் அழுது முடிக்கும்வரை ஒருவரும் விலை கேட்கவில்லை.