டோரதியின் இரண்டு சொற்கள்

"நீ போவலன்னா நடக்காதா?"

பேனா மூடியைக் கடித்தபடி டோரதி கேட்கிறார். எதிரே சாப்பாட்டு டப்பாவுடன் நிற்பவர் ரங்கம்மாள்.

"அக்கா பேத்திக்குக் காது குத்தறாங்க டோரதிக்கா, ஆலங்காயத்துல."

"குத்தறது ஆசாரி. நீ இன்னா பண்ணப்போற?"

ரங்கம்மாளுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அவருக்கு லீவுக் கடிதம் கிடைக்கும்; அந்த இரண்டு சொல் கிடைக்காது.

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் லீவு லெட்டர் ஆங்கிலத்தில்தான் தரவேண்டும். தையல் பிரிவு முழுவதற்கும் எழுதித் தருபவர் செக்கிங் டேபிள் டோரதி. வயது நாற்பத்து நான்கு. சம்பளமில்லாத உத்தியோகம், ஆனால் கெடுபிடிக்குக் குறைச்சல் இல்லை. நிஜமாகவே வேறு வழியில்லை என்றால் மட்டும் "அப்சல்யூட்லி நெசசரி" என்று எழுதுவார். மாமியாருக்கு ஆபரேஷன் என்றால் உண்டு. மாமியார் ஊரில் திருவிழா என்றால் கிடையாது. "ஜாஸ்தி எழுதினா மதிப்பு கம்மியாயிடும்" என்பார். தங்கை வளைகாப்புக்குக் கெஞ்சி ஏமாந்தவள் நான்.

மேனேஜர் நிசார் அஹமதுக்கும் இது தெரியும். ஷிப்மெண்ட் வாரத்தில் அந்த இரண்டு சொல்லை மட்டும் தேடுவார். இருந்தால் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் "ஷிப்மெண்ட் முடிந்து பார்க்கலாம்" என்று எழுதித் திருப்பிவிடுவார். மற்ற வரிகளைப் படிக்க அவருக்கு ஏது நேரம்?

போன வாரம் அப்படித் திரும்பி வந்தது டோரதியின் சொந்தக் கடிதம். அடுத்த இருக்கை முத்துமாரி அதை எட்டிப் படித்தாள். குடித்த தண்ணீர் புரையேறியது.

"இன்னாக்கா இது? வெள்ளிக்கிழம உங்களுக்குக் கல்யாணமா?"

மாப்பிள்ளை கணியம்பாடிப் பள்ளி ஆசிரியர் சுந்தர்ராஜ். வெட்கத்தில் எங்களில் ஒருத்தியிடமும் டோரதி சொல்லவில்லை. தேதி முன்னால் தள்ளப்பட்ட ஷிப்மெண்டும் அதே வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது.

"ஏன்க்கா அந்த ரெண்டு வார்த்தைய எழுதல?"

"எனக்கு நானே எழுதிக்கினா நல்லாவா இருக்கும்? பேஜார் வேணாம். பாஸ்டர்கிட்ட தேதிய மாத்தச் சொல்லிப் பாக்கறேன்."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம். முத்துமாரி இடுப்பில் கைவைத்து, டோரதியின் குரலிலேயே கேட்டாள்:

"நீங்க போவலன்னா நடக்காதா?"

டேபிள் முழுக்கச் சிரித்தோம். டோரதியும் சிரித்துவிட்டார், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு புதுத் தாள் எடுத்துக் கடிதத்தை எழுதினார். கடைசி வரியில் அந்த இரண்டு சொல். அடியில் ஒரு கோடு போட்டார். சற்று யோசித்து, இன்னொரு கோடும் போட்டார்.