மொட்டை வண்டி

எங்கள் கோழிப்பண்ணையின் கடைசி ஷெட்டில் முப்பத்து நாலு வருஷம் ஒரு கார் கிடந்தது. முன்னால் தீவன மூட்டைகள், பின்னால் உடைந்த கூண்டுகள், நடுவில் என் கார். 'என்' என்று சும்மா சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருந்தது. நாமக்கல்லில் நான் வாழ வந்த அந்த வீட்டில் என் பெயரில் இருந்த ஒரே பொருள் அது.

கல்யாணப் பேச்சில் அப்பா, "பொண்ணுக்கு ஒரு கார் போடறனுங்க" என்று வாயைவிட்டுவிட்டார். சேலத்தில் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருந்தார். பேசி முடித்த வருஷமே தொழில் படுத்துவிட்டது. புதுக் கார் வாங்க வழியில்லை. கையில் இருந்தது அவர் ஆசை ஆசையாக வைத்திருந்த திறந்த கார் ஒன்றுதான். இரண்டே கதவு, வெண்ணெய் நிறம், மேலே துணிக் கூரை. வேண்டாமென்றால் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அம்மாபேட்டைப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்த வண்டியைத்தான் கேட்டு வருவார்கள். அப்பாவே ஓட்டிக்கொண்டு போவார். வேறு யாரையும் தொட விடமாட்டார், என்னைத் தவிர. எனக்குப் பதினெட்டு வயதில் அந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அதைத்தான் என் பேருக்கு மாற்றிப் புகுந்த வீட்டுக்கு அனுப்பினார்.

மாமியார் வாசலில் நின்று வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"காருன்னு சொன்னாங்க. கூண்டே இல்லாத மொட்டை வண்டிய அனுப்பியிருக்கறாங்க. நல்ல காரியத்துல மொட்டச்சி வந்து எதுர்ல நின்னாப்பல இருக்குது."

அப்பா பதறிப்போய், "கூரை இருக்குதுங்க, இழுத்துப் போட்டா மூடிக்குமுங்க" என்று இழுத்துக் காட்டினார். ஒரு பக்கத்துக் கொக்கி மாட்டவே இல்லை. நாலு தடவை முயற்சி செய்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கல்யாணப் புடவையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் மொட்டை வண்டிக்காரி என்று பெயர். குழம்பில் உப்புக் கூடினால் மொட்டை வண்டிக்காரி வைத்தது. குஞ்சுகள் சீக்கு வந்து செத்தால் மொட்டை வண்டி வந்த நேரம். என் கணவர் நல்லவர். ஆனால் வாயைத் திறக்காத நல்லவர். தனியாகக் கேட்டால், "அம்மா ஏதோ சொல்றாங்க, உட்டுரு" என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் விட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரே ஒரு தடவை விடவில்லை. கல்யாணமாகி ஆறு மாதத்தில் வண்டியை விற்க ஆள் கூட்டி வந்தார்கள். என் கையெழுத்து வேண்டுமாம். போட மாட்டேன் என்று சொன்னேன். அதற்கு முன்னால் நான் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அதற்குப் பின்னாலும் இல்லை. அன்றைக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்டால், கொக்கியை மாட்ட முடியாமல் நின்ற அப்பாவின் கையிலிருந்து வந்தது. மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் மாமியார், "அப்பறம் என்ன, கோழி ஷெட்டுல கெடக்கட்டும்" என்றார். கிடந்தது.

மாமியார் பத்து வருஷத்துக்கு முன்னால் போனார். கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதன் பிறகு யாரும் என்னை மொட்டை வண்டிக்காரி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. விசேஷ வீடுகளில் குங்குமத் தாம்பாளம் என்னைத் தாண்டிப் போனது. சொந்தக்காரர்கள் பயணம் கிளம்பும்போது நானே பார்த்து உள்ளே போய்விடப் பழகிக்கொண்டேன்.

சும்மா உள்ளே உட்கார்ந்திருந்த அப்படி ஒரு நாளில்தான் ஷெட்டுக்குப் போய் மூட்டைகளை நகர்த்தச் சொன்னேன். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் என் மகன் ஓடி வந்தான்.

"ஏம்மா, இதப் போயி... இரும்புக் கடைக்குப் போட்டுரலாங்க."

"உங்க பாட்டி சொன்னதையே சொல்லாத சாமி."

கோழி எச்சத்தின் காரம் தகரத்தைத் தின்றிருந்தது. கதவின் கீழ்ப்பக்கம் விரலால் அழுத்தினால் அப்பளம். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தி, வயரை எல்லாம் கடித்துத் துப்பியிருந்தது. டிக்கியில் ஒரு பாம்புச் சட்டை. டயர் நாலும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. கூரைத் துணி தொட்டதும் தூளாகி என் புடவையில் கொட்டியது. கூரையின் கொக்கி மட்டும் அப்படியே இருந்தது.

பரமத்தி ரோட்டில் லாரி வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், சிடுசிடுப்பான ஆள். என்ஜினைத் திருப்பிப் பார்த்தார், நகரவில்லை.

"ஏனுங்க்கா, இதுக்கு நீங்க ஒரு சாமி கும்புடறதே மேலுங்க. என்ஜின் ஜாமுங்க."

"கும்பிட்டாச்சு. நீங்க வேலையைப் பாருங்க."

பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளில் டீசலை ஊற்றி ஊறவிட்டார். பன்னிரண்டாம் நாள் கம்பியைப் போட்டுத் திருப்பியபோது என்ஜின் கால் சுற்று நகர்ந்தது. அந்த மனுஷர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். அதன் பிறகு எட்டு மாதம். தினமும் மத்தியானம் பட்டறைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். கார்பரேட்டரை நானே மண்ணெண்ணெயில் கழுவினேன். கிடைக்காத பாகங்களைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்து வாங்கினோம். கூரையை லாரித் தார்ப்பாய் தைக்கிறவர்தான் தைத்தார். இதைவிடப் பத்து மடங்கு பெரியதை எல்லாம் தைத்த கை, இந்தச் சின்னக் கூரைக்கு மூன்று தடவை அளவு தப்பிவிட்டது. பெயிண்டரும் லாரிக்காரர்தான். வெண்ணெய் நிறம் அடித்து முடித்ததும் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "பின்னாடி என்னங்க்கா எழுதறது? கொலதெய்வமா, கொழந்தைக பேரா?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். மறுநாள் போய்ப் பார்த்தால், 'ஒலி எழுப்பவும்' என்று சின்னதாக எழுதி வைத்திருந்தார். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது போலிருக்கிறது. அழிக்கச் சொல்லவில்லை. அந்த எட்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

காலாவதியான ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் ஒரு வேடிக்கை. கவுண்டரில் இருந்தவர் ஆர்.சி.யையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இனிஷியல் மாறுதுங்களே. இது உங்க வண்டிதானுங்களா?"

ஆர்.சி.யில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். ஆதாரில் கணவரின் இனிஷியல். கல்யாணத்தோடு நம் பெண்களுக்குப் பொட்டு, மெட்டியோடு இனிஷியலும் மாறுகிறது, ஆண்களுக்கு ஒன்றுமே மாறுவதில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத் தாளில் எழுதி வாங்கி வரச் சொன்னார். நோட்டரி ஒருவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'இருவரும் ஒருவரே' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. இரும்புக் கடைக்குப் போடச் சொன்ன என் மகன் அதைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். யார் யாரோ வந்து பக்கத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். மொட்டை வண்டி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. 'விண்டேஜ்' என்றார்கள். மாமியாருக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தால் என் முப்பத்து நாலு வருஷம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்றான். எனக்கு எவ்வளவு பெருமை. வீட்டிலிருந்து மண்டபம் நாலு கிலோமீட்டர். நானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்பா எத்தனையோ வீட்டு மாப்பிள்ளைகளை அந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். என் மாப்பிள்ளையை நான் கொண்டு போகக் கூடாதா? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அழைப்புக்கு முதல் நாள் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, நாளைக்கு நீங்க முன்னாடியே மண்டபத்துக்குப் போயிருங்க. வண்டி ஓட்ட ஒரு டிரைவருக்குச் சொல்லியிருக்கறேன். வண்டி எடுக்கறப்ப எதுர்ல... எனக்கு ஒண்ணுமில்லீங்க. பெரியவங்க ஒரு மாதிரி நெனப்பாங்க."

அவன் கெட்டவன் இல்லை. அவன் அப்பாவைப் போல நல்லவன். சரி சாமி என்றேன். அடுப்படியில் வேலை இருக்கிறது, கடைசி வேனில் வருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அடுப்படியில் ஒரு வேலையும் இல்லை. சமையல் எல்லாம் மண்டபத்தில்தான்.

மறுநாள் நாலு மணி. வாசலில் நாதஸ்வரம், மேளம். வண்டிக்கு மல்லிகைச் சரம், மேல்கூரையை மடித்துவிட்டிருந்தார்கள். பின் சீட்டில் மகன் மாலையோடு. என் நாத்தனார் ஆரத்தி சுற்றினார். டிரைவர் சாவியைத் திருப்பினான். அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஏழெட்டுத் தடவை. அவசரத்தில் ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தான். எனக்குக் கை பரபரத்தது. மிதிக்காதே என்று கத்தலாம் போலிருந்தது. மேளம் நின்றது. மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள், அவர் கரூரில் இருந்தார். நல்ல நேரம் ஐந்து மணியோடு முடிகிறது என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் மகனின் குரல் வந்தது.

"அம்மாவக் கூப்புடுங்க."

பின் வாசல் வழியாகச் சுற்றி வந்தேன். எதிரில் வரக்கூடாத முகத்தை அத்தனை பேரும் எப்போது வருமென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. என்ஜின் மூச்சுமுட்டக் குடித்திருந்தது.

"பத்து நிமிஷம் யாரும் சாவியத் தொடக் கூடாது" என்றேன்.

யாரும் தொடவில்லை. பத்து நிமிஷம் ஊரே எனக்காகக் காத்திருந்தது. பிறகு ஏறி உட்கார்ந்தேன். பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கை உள்ளே தள்ளி, காற்று நிறையப் போகட்டுமென்று ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். இருமியது. இன்னொரு தடவை இருமியது. பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். மேளம் மறுபடி ஆரம்பித்தது.

என் கை கியரில் இருந்தது. இடது கால் கிளட்சில் இருந்தது. காலை எடுத்தால் வண்டி நகரும். நாலு கிலோமீட்டர். அப்பாவின் சீட், என் பெயரில் உள்ள வண்டி, பின்னால் என் மகன். யார் வந்து தடுக்கப் போகிறார்கள்?

நாத்தனார் கதவருகே வந்தார். குரலில் அவ்வளவு பிரியம்.

"நேரமாச்சுங்க அண்ணி. எறங்கிக்குங்க, டிரைவர் ஏறட்டும்."

கண்ணாடியில் மகனைப் பார்த்தேன். மாலையைச் சரி செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து, "தேங்க்ஸ்மா" என்றான். கறிவேப்பிலையைக்கூடச் சாப்பாட்டு நேரம்வரை வைத்திருந்துதான் ஒதுக்குவார்கள்.

நான் இறங்கினேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானே கதவைத் திறந்து, என்ஜின் நின்றுவிடக் கூடாதே என்று பார்த்துப் பக்குவமாக இறங்கினேன். சோக்கைத் தொட வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வேறு இறங்கினேன். வண்டி கிளம்பியபோது வழக்கம்போல ஒதுங்கிச் சுவரோரம் நின்றுகொண்டேன். அது திரும்பும் வரை 'ஒலி எழுப்பவும்' தெரிந்தது. மண்டபத்துக்குப் பாத்திர வேனில் போனேன்.

மாமியார் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மகன் மேல் இருக்கிறது, ஆனால் அது ஆறிவிடும். இறங்கியவள் மேல் உள்ளதுதான் ஆறவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ராசியான வண்டி என்று இப்போது வாழப்பாடியிலிருந்துகூடக் கேட்டு வருகிறார்கள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். வண்டியை அவன் பேருக்கு மாற்றினால் வசதியாம். படிவத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து ஒரு வாரம் ஆகிறது. "போட்டீங்களாம்மா?" என்று தினமும் கேட்கிறான்.

படிவத்துக்கு அடியில் அந்த நோட்டரித் தாளும் இருக்கிறது. கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன இருபத்தோரு வயதுக்காரியும் நானும் ஒருவரே என்று அதில் முத்திரை குத்தியிருக்கிறது. அது உண்மையாக இருந்திருந்தால் அவள் அன்று வண்டியை விட்டு இறங்கியிருக்க மாட்டாள்.