ஜெனிக்குப் பதிலாக நாங்கள் பேசியது

டொராண்டோ பேருந்தில் யாரும் குழந்தையிடம் பெயர் கேட்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுக் கைபேசிக்குள் போய்விடுவார். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற பேருந்தில் ஒரு பிள்ளையை இப்படிச் சும்மா கூட்டிப்போய்விட முடியுமா? பூக்கூடைக்கார அம்மா மடியில் பிடுங்கி வைத்துக்கொண்டு பேர், ஊர், தாத்தா பேர் எல்லாம் விசாரித்து, சாணார்பட்டி வருவதற்குள் கையில் ஒரு கொய்யாவையும் திணித்துவிடுவார். என் மகள் ஜெனிக்கு மூன்றரை வயதாகியும் பேச்சு வராததற்கு இந்த ஊரின் மௌனம்தான் காரணம் என்று நான் ஏசிக்கொண்டிருந்தேன்.

ஜெனி பகலில் போகிற குழந்தைகள் காப்பகத்து டீச்சர் சொல்லித்தான் பரிசோதனைக்குப் போனோம். முதலில் காது, அதில் குறையில்லை. அடுத்து பேச்சுப் பயிற்சியாளர். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். பிறகு புட்டியை இறுக மூடிக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். ஜெனி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைத் தூக்கி மூடியின்மேல் வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, அவளுக்கு இன்னும் வேண்டுமாம் என்று முந்திக்கொண்டேன். "நீங்கள் நல்ல மொழிபெயர்ப்பாளர்" என்றார் அவர். பாராட்டு என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன், கூறுகெட்டவன்.

இங்கிலீஷ் புதிது, அதனால்தான். வேண்டுமானால் வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறோம் என்றேன். அவர் பதறிவிட்டார். இரண்டு மொழியால் இது வருவதில்லை, சிக்கல் இருந்தால் தமிழிலும் இருக்கும், தமிழ்ப் பிள்ளைகளோடு இவளைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார்.

உண்டே. போன கோடையில் ஒரு மாதம் திண்டுக்கல் வீட்டில் இருந்தோம். வீடு கொள்ளாத ஆள். ஜெனி குடத்தைப் பார்த்தால் தண்ணீர் வந்தது, வாசலைப் பார்த்தால் செருப்பு வந்தது. யாராவது பேர் கேட்டால் நாலு பேர் பதில் சொன்னோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இந்த நாட்டில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

ஊரில் இருக்கிற ரீட்டா அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. நீ சங்கடப்படுவேன்னு வாய மூடிட்டேன். அம்புட்டுப் பேரும் அவளுக்காகப் பேசிட்டோம்ல."

கோபம் வந்தது. அக்கா மேல் இல்லை. எனக்கென்று இருந்த அந்த ஒரு மாதத்தையும் இப்படிப் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று.

அக்கா சொன்னதையும் சேர்த்து, இன்னும் சில முறை பார்த்த பிறகு முடிவு சொன்னார்கள்: மொழி வளர்ச்சியிலும் பிறரோடு தொடர்புகொள்வதிலும் ஜெனிக்குச் சிக்கல் உண்டு. தமிழிலேயே பேசுங்கள், ஆனால் அவளுக்காகப் பேசாதீர்கள், காத்திருங்கள். கேட்குமுன் கொடுப்பதுதானே எங்கள் ஊரில் அன்பு? தாகத்தோடு நிற்கிற பிள்ளைமுன் டம்ளரை வைத்துக்கொண்டு நின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். ஜெனி என் கையிலிருந்த போனைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே வேலிமேல் ஒரு கறுப்பு அணில். அக்காவுக்கும் தெரியட்டும் என்று பின்பக்கக் கேமராவைப் போட்டேன். விரலை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு திரையில் அக்கா முகத்தை. எதையும் கேட்கவில்லை, காட்டினாள். எனக்கு நாக்கு நுனிவரை சொல் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். செத்த நேரம் சும்மா இருக்கத் தெரியாத அக்காவும் அங்கே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ணில்" என்றாள் ஜெனி.

"ஆமாப்பு, அணிலு" என்று அக்கா அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி உற்றுப் பார்த்தவள், "ஏன்டா, அதுக்கு முதுகுல கோடே இல்லையே" என்றாள்.